உப்பு வந்த வழியில் லூபெக்: பழைய ஜெர்மன் துறைமுக நகரைத் தனியாகவும் குறைந்த செலவிலும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே, டிராவே ஆற்றின் கரையில் இருக்கிறது லூபெக். கடலை நேரே பார்க்காத ஓர் ஊர் பல நூற்றாண்டுகள் பால்டிக் கடல் வணிகத்தின் தலைமை இடமாக இருந்தது எப்படி என்ற கேள்வியே அங்கே போவதற்குப் போதுமான காரணம். 1143-இல் பிரபு இரண்டாம் அடோல்ஃப் நிறுவிய இந்த ஊர், 1159-இல் 'சிங்கம்' என்று பெயர்பெற்ற கோமகன் ஹென்றியால் மீண்டும் எழுப்பப்பட்டு, 1226-இல் பேரரசர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாயிற்று. ஹான்சா என்னும் வணிக நகரங்களின் கூட்டணி தன் முதல் பொதுக்கூட்டத்தை 1356-இல் இங்கே கூட்டியது. 1669-இல் நடந்த கடைசிக் கூட்டமும் இங்கேதான். 1987 முதல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது.

பெரும்பாலானோர் ஹாம்பர்க்கிலிருந்து காலையில் வந்து, நகர வாயிலின் முன் நின்று படம் எடுத்து, கொஞ்சம் மார்சிபான் இனிப்பு வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் செலவும் குறைவதில்லை, ஊரும் புரிவதில்லை. இந்த வழிகாட்டி வேறொரு ஒழுங்கைப் பின்பற்றுகிறது. ஒரு துறைமுக நகரை அதன் சரக்கு நடந்த வழியிலேயே நடந்து பார்ப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து: முதலில் ஆற்றங்கரைக் கிடங்கு, பிறகு சந்தை, பிறகு சந்தையில் சேர்ந்த பணம் எழுப்பிய ஆலயங்கள், பிறகு மூட்டை சுமந்தவர்கள் குடியிருந்த சந்துகள், கடைசியாகக் கடல். இந்த வழியில் பார்க்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி வெட்டவெளியில் இருப்பதால், கையில் பணம் குறைவாக உள்ளவருக்கும் இதுவே ஏற்ற வழி.

படி 1: எப்போது போவது, எத்தனை நாள்

மே மாதத்தின் பிற்பகுதி, ஜூன், செப்டம்பர் ஆகியவை மிகவும் உகந்தவை. லூபெக் நல்ல வடக்கில் இருப்பதால் ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரையில் வெளிச்சம் நிற்கும். நுழைவுக் கட்டணம் இல்லாமல் சுற்ற நினைப்பவருக்கு இந்த வெளிச்சம் ஒரு பெரிய சொத்து. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தை அழகானதுதான், ஆனால் அந்த வாரங்களில் தங்குமிட விலை ஏறிவிடுகிறது. ஜூலை இறுதியை ஒட்டி, டிராவே ஆறு கடலில் கலக்கும் இடமான டிராவமுண்டேயில் நடக்கும் பாய்மரப் போட்டி வாரமும் அப்படியே. அது 1889-இல் தொடங்கிய போட்டி, கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

மூன்று பகல், இரண்டு இரவு போதும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை. ஆகவே செவ்வாய் அல்லது புதன்கிழமை போய்ச் சேரும்படி திட்டமிட்டால் இரண்டு தொல்லைகளும் நீங்கும். ஞாயிறு ஊரில் இருக்க நேர்ந்தால், சனிக்கிழமை மாலையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் நிலையத்திலுள்ள கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் விலை கூடுதல்.

படி 2: போய்ச் சேர்வது

ஹாம்பர்க் மைய ரயில் நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் லூபெக். முன்பதிவு தேவையில்லை, இருக்கை எண்ணும் கிடையாது. இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஹாம்பர்க் நகரப் போக்குவரத்துக்கு வாங்கிய நாள் டிக்கெட் லூபெக் வரை செல்லும் என்று நினைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது செல்லாது, பரிசோதகர் வந்தால் 60 யூரோ அபராதம் கட்ட வேண்டியிருக்கும். தனி டிக்கெட் எடுக்க வேண்டும், அல்லது லூபெக் இருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் நாள் டிக்கெட் எடுக்கலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் இந்த நாள் டிக்கெட் செல்லும். ஆனால் அன்று முழுவதும் வட்டார ரயில்களில் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம் என்பதால், ஹாம்பர்க்கிலிருந்து வந்து அதே நாளில் கடற்கரைக்கும் போக விரும்புவோருக்கு இலாபம்.

ஜெர்மனியில் இரண்டு மூன்று வாரம் இருப்பவர் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாத டிக்கெட்டைக் கணக்குப் பார்க்க வேண்டும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுவதும் வட்டார ரயில், நகரப் பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயில்களில் செல்லாது. இது சந்தாவாக விற்கப்படுவதால், நடப்பு மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அடுத்த மாதப் பணம் பிடிக்கப்படாது. டிக்கெட் வாங்கிய அன்றே ரத்துக்கும் விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு.

நீண்ட தூரப் பேருந்துகளும் லூபெக் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கின்றன. எதில் வந்தாலும் பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். பத்து நிமிடம் கூட ஆகாது.

படி 3: தங்குமிடமும் நாள் செலவும்

பழைய நகரம் ஒரு தீவு. டிராவே, வாக்கனிட்ஸ் என்ற இரண்டு ஆறுகளும் 1900-இல் திறக்கப்பட்ட எல்பே–லூபெக் கால்வாயும் அதைச் சுற்றி ஓடுகின்றன. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அகலம் 1 கிலோமீட்டர். ஆகவே தீவுக்குள் எங்கே தங்கினாலும், தீவை ஒட்டி வெளியே தங்கினாலும், பேருந்துக்குச் செலவே இல்லை. வடக்கே பர்க்டோர் வாயிலுக்கு வெளியே இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதி ஒன்று இருக்கிறது. சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டவர் தம் நாட்டு உறுப்பினர் அட்டையைக் காட்டலாம், இல்லையென்றால் அங்கேயே விருந்தினர் கட்டணம் கட்டிச் சேரலாம். காலை உணவு சேர்ந்தே கிடைப்பதால், பார்வைக்கு விலை கூடியதாகத் தெரிந்தாலும் கணக்கில் கூடுவதில்லை.

பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 30 முதல் 45 யூரோ, உணவுக்கு 15 யூரோ, ஒரு நுழைவுச்சீட்டுக்கு 10 முதல் 15 யூரோ, பயணத்துக்கும் சில்லறைக்கும் 8 யூரோ என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 65 முதல் 85 யூரோவுக்குள் வசதியாகவே இருக்கலாம். ஹாம்பர்க்கில் தங்கிக்கொண்டு தினமும் வந்துபோவது மலிவு என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நாள் பயணிகள் எல்லோரும் மாலை ஆறு மணிக்கு ரயிலேறிப் போன பிறகுதான், செங்கல் சுவர்களில் சாய்வெயில் விழும் நேரத்தில், இந்த ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது.

பணத்தை மிச்சப்படுத்தும் சில நடைமுறைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, ஆகவே காலிப் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். கடையில் பாட்டிலிலோ டின்னிலோ பானம் வாங்கினால் வைப்புத்தொகையாகப் பெரும்பாலும் 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலைப் பல்பொருள் அங்காடியின் இயந்திரத்தில் போட்டால் அந்தத் தொகைக்கு ரசீது வரும். எனவே பாட்டிலை நசுக்காமல் வைத்திருக்க வேண்டும். சிறிய பேக்கரிகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் அட்டை செல்லாமல் போகலாம் என்பதால் சில்லறைக் காசு எப்போதும் வேண்டும். தெருக்கள் பெரும்பாலும் கருங்கல் பாவியவை; சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு, முதுகுப்பையே நல்லது.

படி 4: முதல் பிற்பகல் — உப்பும் மீனும்

ரயில் நிலையத்திலிருந்து வரும்போது, சிலைகள் வரிசையாக நிற்கும் பொம்மைப் பாலத்தைக் கடந்ததும் ஹோல்ஸ்டன்டோர் என்ற நகர வாயில் எதிரே நிற்கும். 1464 முதல் 1478 வரை கட்டப்பட்டது. இரண்டு பருத்த உருண்டைக் கோபுரங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பதை முதல் பார்வையிலேயே காணலாம். சதுப்பு நிலத்தில் இத்தனை எடையை ஏற்றியதன் விளைவு அது. அருகில் போய்ப் பாருங்கள், கீழ்வரிசைத் துப்பாக்கித் துளைகள் இப்போது தரைமட்டத்துக்குக் கீழே போயிருக்கும். பிறகு வாயிலைச் சுற்றி நகரத்துப் பக்கம் வந்தால் அதே கட்டடம் வேறு முகம் காட்டும்: வெளிப்பக்கத்தில் மூன்றரை மீட்டர் வரை தடித்த சுவரும் சிறு துளைகளும், உட்பக்கத்தில் மெல்லிய சுவரும் வரிசை வரிசையாகச் சன்னல்களும். 1863-இல் இதை இடித்துவிடலாமா என்று நகரின் பிரதிநிதிகள் மன்றம் வாக்கெடுத்தபோது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இது தப்பியது. 'உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி' என்ற பொருள்படும் இலத்தீன் வாசகம் அதன் பிறகே, 1871-இல், வெளிப்புறத்தில் பொறிக்கப்பட்டது. உள்ளே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறைவானவர்கள் அதைத் தவிர்க்கலாம், வெளிச்சுவரே நிறையச் சொல்லிவிடுகிறது.

வாயிலுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டி ஆறு செங்கல் கிடங்குகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இவைதான் உப்புக் கிடங்குகள். 1579 முதல் 1745 வரை வெவ்வேறு காலங்களில் எழுந்தவை. எதிர்க்கரையில் நின்று ஒவ்வொன்றின் முகப்பு முக்கோணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காலம் மாறுவது கண்ணுக்கே தெரியும். இந்த இடத்தில் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், ஏனென்றால் லூபெக்கின் செல்வத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தெற்கே லூனபர்க் என்ற ஊரில் நிலத்தடி உப்புநீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். வடக்கே, இன்றைய சுவீடனின் தென்முனையான ஸ்கோனே கரையில், ஆண்டுதோறும் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. அந்த மீனை உடனே உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்காவிட்டால் அழுகிப் போகும். கிறிஸ்தவ ஐரோப்பாவிலோ தவக்காலத்தில் இறைச்சி விலக்கு என்பதால் உப்பு மீனுக்கு ஓயாத தேவை. உப்பும் மீனும் ஒன்றையொன்று தேடிய வழியின் நடுவே லூபெக் உட்கார்ந்திருந்தது.

முதலில் உப்பு வண்டிகளில் வந்தது. 1391-இல் வெட்டத் தொடங்கி 1398-இல் முடித்த ஸ்டெக்னிட்ஸ் கால்வாய், எல்பே ஆற்றையும் டிராவேயையும் இணைத்ததும், உப்புப் படகுகள் நேரே இந்தக் கரைக்கு வந்தன. கிடங்குகளிலிருந்து தெற்கு நோக்கி ஓபர்டிராவே என்ற ஆற்றோரத் தெருவில் நடந்தால் அந்தப் படகுகள் வந்த திசையிலேயே நடக்கிறீர்கள். இடப்புறம் தாழ்ந்த பழைய வீடுகள், வலப்புறம் மெல்ல ஓடும் நீர். ஒரு நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனால் 'ஓவியர் மூலை' என்று அழைக்கப்படும் புல்மேடு வரும். ஐந்து ஆலயங்களின் ஏழு கோபுரங்கள் கொண்ட ஊர் இது. நீருக்கு அப்பால் அந்தக் கோபுரங்கள் எழுவதைப் பார்த்துக்கொண்டே வாங்கி வந்த ரொட்டியைச் சாப்பிடலாம். முதல் நாள் இரவு உணவுக்கு இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

படி 5: இரண்டாம் நாள் காலை — சந்தையும் ஆலயமும்

காலை ஒன்பது மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில் இருங்கள். நகர மன்றக் கட்டடம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நீட்டப்பட்டது. கறுப்பு மெருகேற்றிய செங்கல் சுவர், அதன் முன்னே 1571-இல் சேர்த்த வெளிர்நிறக் கல் மண்டபம். உயரத்தில் முகப்புச் சுவரில் பெரிய வட்டத் துளைகள் தெரியும். பின்னால் கூரை எதுவும் இல்லாத அலங்காரச் சுவர் அது. கடற்காற்று மோதித் தள்ளிவிடாமல் ஊடே புகுந்து போகட்டும் என்று அந்தத் துளைகளை விட்டிருக்கிறார்கள்.

இந்தச் சதுக்கத்தில் கைமாறிய சரக்குகளில் நம் நாட்டுச் சரக்கும் ஒன்றுண்டு. மலபார் கரையில் விளைந்த மிளகு, அரபு வணிகர் வழியாகவும் வெனிஸ், ப்ரூஹா நகரங்கள் வழியாகவும் பல கை மாறி வட கடல்வரை வந்தது. வழியெங்கும் விலையேறிய அந்தச் சரக்கால் கொழுத்த ஹான்சா வணிகர்களைப் பொதுமக்கள் 'மிளகு மூட்டைகள்' என்று அழைத்தார்கள். பெரும் பணக்கார வணிகரைக் குறிக்க வட ஜெர்மனியில் இன்றும் அந்தச் சொல் வழங்குகிறது.

சதுக்கத்தை ஒட்டியே எழுகிறது புனித மரியாள் ஆலயம். நகரத்தின் தென்முனையில் ஆயரின் பேராலயம் முன்பே இருந்தது. அதற்கு 1173-இல் அடிக்கல் இட்டவர் கோமகன் ஹென்றி. வணிகர்களோ தங்கள் மன்றத்துக்கு அருகிலேயே, ஆயரின் ஆலயத்தைவிட உயரமாக, தங்கள் ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். இந்த வட்டாரத்தில் கட்டடக் கல் கிடைக்காது. ஆகவே பிரான்சின் கல் ஆலயங்களைச் செங்கல்லில் செய்து பார்த்தார்கள். நடுக்கூடத்தின் விதானம் 38.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, உலகின் மிக உயரமான செங்கல் விதானம் இதுவே. இரட்டைக் கோபுரங்கள் ஏறத்தாழ 125 மீட்டர். பால்டிக் கரை நெடுகிலும் பல ஆலயங்கள் இதைப் பார்த்தே கட்டப்பட்டன. உள்ளே போக ஒரு சிறு கட்டணம் உண்டு, தயங்காமல் கொடுக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் நேராகத் தெற்குக் கோபுரத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். 1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறு பிறக்கும் வேளையில், பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் பழைய நகரத்தின் ஒரு பெரும்பகுதி எரிந்தது. இந்த ஆலயமும் எரிந்தபோது, கோபுரத்தில் தொங்கிய பெரிய மணிகள் அறுந்து கீழே விழுந்தன. விழுந்த இடத்திலேயே, உடைந்த நிலையிலேயே, அவற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். தரையில் பதிந்து கிழிந்து கிடக்கும் அந்த வெண்கலத்தின் முன் பள்ளிப் பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். சந்தைக்கும் இந்த ஆலயத்துக்கும் அருகில் தெருக்கள் சில இடங்களில் திடீரென்று ஐம்பதுகளின் சாதாரணக் கட்டடங்களாக மாறுவதற்கான காரணமும் அந்த ஓர் இரவுதான்.

இதே ஆலயத்தில் 1668 முதல் 1707 வரை ஆர்கன் வாசித்தவர் டீட்ரிஷ் புக்ஸ்டஹூடே. அவருடைய வாசிப்பைக் கேட்பதற்காக 1705-இல் இருபது வயது இளைஞர் ஒருவர் ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான்கு வாரம் விடுப்பு வாங்கி வந்தவர் பல மாதங்கள் தங்கிவிட்டார். அவர் பெயர் யோஹான் செபாஸ்டியன் பாக். கையில் பணமின்றித் தனியாக லூபெக்குக்கு வரும் எவருக்கும் அவரைவிட நல்ல முன்னோடி வேண்டியதில்லை. ஆலயத்தில் ஆர்கன் நிகழ்ச்சி நடக்கும் நாளும் நேரமும் வாசலில் ஒட்டியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்ரி ஆலயம். இதன் கோபுரத்தில் 50 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை இருக்கிறது, மின்தூக்கி உண்டு. மேலே நின்றால் தீவின் வடிவம், ஆறு அதைச் சுற்றும் விதம், உப்புக் கிடங்கிலிருந்து சந்தைக்கு ஏறிவரும் சரிவுத் தெருக்கள் எல்லாம் ஒரு வரைபடம்போல விரியும். முதல் நாளே ஏறிவிட்டால் வெறும் கூரைகள்தான் தெரியும். நடந்து பார்த்த பிறகு ஏறினால் தெரிந்த ஊர் தெரியும்.

மார்சிபான் பற்றி ஒரு வரி. 1806-இல் தொடங்கிய நீடரெக்கர் கடை நகர மன்றத்துக்கு எதிரே இருக்கிறது. மாடியிலுள்ள சிறு காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. வாதுமையும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்பை ஊர்ப் பல்பொருள் அங்காடிகளிலும் வாங்கலாம்.

படி 6: இரண்டாம் நாள் பிற்பகல் — சந்துகள், மாலுமிகள், கூட்டணி

வணிகர் வீடுகளின் முகப்புகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் பின்கட்டில் மிஞ்சிய நிலத்தில் சிறுசிறு வீடுகளை அடுக்கி, மூட்டை தூக்குவோர், கைவினைஞர், படகோட்டிகள் முதலியோருக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வீடுகளுக்குப் போக, முன்வீட்டின் அடியில் ஒரு தாழ்ந்த பொந்து வழி. இப்படிப்பட்ட சந்துகளும் முற்றங்களும் இன்றும் சுமார் 90 இருக்கின்றன. சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து போகும் அகலமாவது இருக்க வேண்டும் என்பதே வழியின் அளவுக்கு விதியாக இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். குனிந்து நுழையும்போது அதை நம்பத் தோன்றும். எங்கெல்ஸ்விஷ் என்ற தெருவில் வெளிர்பச்சைச் சந்து, கரும்பச்சைச் சந்து என்று இரண்டு அருகருகே உள்ளன. குளோக்கன்கீசர் தெருவில் இருக்கும் ஃபுஷ்டிங் முற்றம் இவற்றுக்கு நேர்மாறானது: வணிகர்கள், கப்பல் தலைவர்கள் ஆகியோரின் கைம்பெண்களுக்காக ஒரு வணிகரின் உயில் பணத்தில் 1639-இல் எழுப்பப்பட்ட அகலமான, வெளிச்சமான முற்றம்.

இந்தச் சந்துகளில் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. பகலில் மட்டும் போங்கள், மெல்லப் பேசுங்கள், சன்னல்களை நோக்கிப் படம் எடுக்காதீர்கள். கதவு மூடியிருந்தால் அடுத்த சந்துக்குப் போய்விடுங்கள். எதிரே யாராவது வந்தால் 'மொய்ன்' என்று சொன்னால் போதும். காலை, மாலை, இரவு எல்லா நேரத்துக்கும் வடக்கில் அந்த ஒரு வணக்கம்தான்.

பிறகு வடக்கே யாக்கோபி ஆலயத்துக்கு நடந்து செல்லுங்கள். இது மாலுமிகளின் ஆலயம். இதன் வடக்குக் கோபுரச் சிற்றாலயத்தில் ஓர் உடைந்த உயிர்காப்புப் படகு வைக்கப்பட்டிருக்கிறது. 1957 செப்டம்பர் 21 அன்று, பாமிர் என்ற நான்கு பாய்மரக் கப்பல் அட்லாண்டிக் புயலில் கவிழ்ந்தது. அது இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி தந்த கப்பல். அதிலிருந்த 86 பேரில் 80 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் பதின்வயதினர். கடலில் மிதந்து கிடைத்த படகு இது. துறைமுக நகரம் என்ற சொல்லுக்குள் இலாபக் கணக்கோடு இந்தக் கணக்கும் இருக்கிறது என்பதை இந்தச் சிற்றாலயத்தில் உணரலாம். ஆலயத்துக்கு எதிரே கப்பலோட்டிகள் சங்கம் 1535-இல் வாங்கிய வீடு இருக்கிறது. இப்போது அது உணவகம். விலை நமக்கு எட்டாது, முகப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டடி தள்ளி 1286-இல் கட்டப்பட்ட தூய ஆவி மருத்துவமனை: வணிகர்கள் தம் செலவில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் எழுப்பியது. திறந்திருந்தால் முன்மண்டபத்தின் சுவரோவியங்களைக் காணத் தவறாதீர்கள்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பெரிய நுழைவுச்சீட்டுக்குத்தான் பணம் செலவிடுவேன் என்று முடிவு செய்பவர், அதை வடக்கு முனையில் உள்ள ஐரோப்பிய ஹான்சா அருங்காட்சியகத்துக்குச் செலவிட வேண்டும். 2015-இல் திறக்கப்பட்ட இது, நிலத்தடியில் தோண்டி எடுத்த பழைய சுவர்களின் ஊடே தொடங்கி, நோவ்கரோட், ப்ரூஹா, இலண்டன், பெர்கன் ஆகிய ஊர்களில் ஹான்சா வணிகர் அமைத்த நிலையங்கள் வழியாக நம்மை அழைத்துப் போகிறது. காட்சிகளை ஆங்கிலத்திலும் படிக்கலாம். மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதால் மதியம் இரண்டு மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது; சந்துகளில் நேரம் போய்விட்டால் இதை மூன்றாம் நாள் காலைக்குத் தள்ளிவிடலாம். பணம் செலவிட மனமில்லாதவருக்குக் கோனிக் தெருவில் வில்லி பிராண்ட் இல்லம் இருக்கிறது, அனுமதி இலவசம். 1913-இல் லூபெக்கில் பிறந்து, மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சராகி, 1971-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். 1933 ஏப்ரலில் நாஜிகளிடமிருந்து தப்பியபோது அவர் போனதும் கடல்வழியேதான்: டிராவமுண்டேயிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் டென்மார்க்குக்கு.

ஹான்சா அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் ஆற்றோரமாகத் தெற்கே திரும்புங்கள். பழைய பாய்மரக் கப்பல்கள் கட்டியிருக்கும் துறை, 1892-இல் அமைத்த சுழல்பாலம் இரண்டையும் கட்டணமின்றிப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பலாம்.

படி 7: என்ன சாப்பிடுவது

மீன் உண்பவர்களுக்குக் கவலையில்லை. உப்பிட்ட ஹெர்ரிங், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி ஆகியவற்றை வட்ட ரொட்டிக்குள் வைத்துத் தரும் மீன் ரொட்டி ஐந்தாறு யூரோவுக்குள் கிடைக்கும். 'மாட்யெஸ்' என்பது மென்மையானது, 'பிஸ்மார்க்' என்பது புளிக்காடியில் ஊறியது. நாட்டு உப்பு மீன் தின்று பழகிய நாக்குக்கு மாட்யெஸ் பிடிக்கும் என்பது என் கணிப்பு. மாலுமிகளின் உணவான 'லாப்ஸ்கௌஸ்' செந்நிறமாக, பிசைந்த கிழங்குபோல இருக்கும். அதில் மாட்டிறைச்சி உண்டு என்பதை அறிந்துகொண்டு கேளுங்கள். சைவர்கள் பேக்கரி ரொட்டி, பாலாடைக்கட்டி, துருக்கிக் கடைகளின் ஃபலாஃபல், பல்பொருள் அங்காடியின் தயிர், பழங்கள் ஆகியவற்றைக் கொண்டு மூன்று நாளையும் ஓட்டிவிடலாம். விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் அரிசி சமைத்துத் தயிர்ச்சோறே சாப்பிடலாம்.

படி 8: மூன்றாம் நாள் — ஆறு கடலாகும் இடம்

லூபெக் நிலையத்திலிருந்து டிராவமுண்டேக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நிலையங்கள் மூன்று: ஸ்காண்டிநேவியன்காய், ஹாஃபன், ஸ்ட்ராண்ட். கடைசி நிலையமான ஸ்ட்ராண்டில் இறங்கவே எல்லோரும் காத்திருப்பார்கள். நீங்கள் ஹாஃபனில், அதாவது துறைமுகத்தில் இறங்குங்கள். ஆற்றோரத் தெரு வழியே கடலை நோக்கி நடந்து, திரும்பும்போது ஸ்ட்ராண்டில் ஏறிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் ஆறு அகன்று கடலாவதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

வழியில் 1539-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம் வரும், ஜெர்மனியில் நிலைத்திருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. 1972 முதல் விளக்கொளி பக்கத்து விடுதிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து வருகிறது. எதிர்க்கரையில் நான்கு பாய்மரங்களோடு நிற்பது பாசாட் என்ற கப்பல்: 1911-இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு, தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி வெடியுப்பும் பின்னாளில் கோதுமையும் சுமந்து, 1960 முதல் இங்கே ஓய்வில் நிற்கிறது. நேற்று உடைந்த படகாகப் பார்த்தீர்களே, அந்த பாமிரும் பாசாட்டைக் கட்டுவித்த அதே நிறுவனத்துக்காக ஓடிய, ஏறத்தாழ இதே அளவான கப்பல். ஆகவே யாக்கோபி ஆலயத்தைப் பார்த்த பிறகு இங்கே வந்தால்தான், இந்தத் தளத்தில் நின்று பாய்மரத்தின் உயரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, புயலில் அங்கே ஏறிய பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அக்கரைக்குப் போகச் சிறு ஃபெரி உண்டு. கப்பலுக்குள் கோடைப் பருவத்தில் சிறு கட்டணத்தில் ஏறலாம்.

பாசாட் நிற்கும் ப்ரிவால் தீபகற்பத்தில் இன்னும் கொஞ்சம் கிழக்கே மணலில் நடந்தால், இரண்டு ஜெர்மனிகளையும் பிரித்த எல்லை கடற்கரையைத் தொட்ட இடம் வரும். 1989 வரை குளிக்க வந்தவர்கள் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. இப்போது வேலியும் இல்லை, காவலும் இல்லை, நடப்பதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் டிராவமுண்டேயின் முதன்மைக் கடற்கரைக்குப் பருவகாலத்தில் சிறு கடற்கரைக் கட்டணம் வாங்குவார்கள், ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வலி இல்லாதவர் வடமேற்கே ப்ரோட்டன் மேட்டுக்கரைப் பாதையில் போகலாம். அலை அரித்து அரித்துக் களிமண் சுவர் செங்குத்தாக நிற்கும் கரை அது. விளிம்பு இடிந்து விழும் தன்மை உடையது என்பதால் பாதையை விட்டு விலகக் கூடாது, மழை பெய்த மறுநாள் அடியில் நடக்கவும் கூடாது. தனியாகப் போகிறவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உதவிக்கு அழைக்கும் எண் 112.

மாலையில் ஆற்றுவாயின் கற்கரைக்குத் திரும்பி வாருங்கள். சுவீடனின் மால்மோ, டிரெல்லபோர்க், பின்லாந்தின் ஹெல்சிங்கி என்று ஹான்சா காலத்துத் திசைகளுக்கே இன்றும் இங்கிருந்து கப்பல்கள் போகின்றன. அவை அடுக்குமாடிக் கட்டடம்போல மிக அருகில், மனிதர்களின் முகம் தெரியும் தூரத்தில் கடந்து செல்லும். ஒன்று கடலுக்குள் போய் மறையும்வரை பார்ப்பதற்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். அதற்கேற்ப ஸ்ட்ராண்டிலிருந்து லூபெக்குக்குத் திரும்பும் கடைசி ரயில்களின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொண்டு, காற்றுக்கு ஒரு மேலங்கியும் எடுத்து வாருங்கள்.